ஜவ்வரிசி ஆலையில் ஒரு பூட்டிய அறை

சில ஆண்டுகளுக்கு முன், ஆத்தூருக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய ஒரு கிராமத்தில், நண்பர் ஒருவரின் சிபாரிசின் பேரில் ஜவ்வரிசி ஆலை ஒன்றைப் பார்வையிடும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. ஆலையின் உரிமையாளர் விருந்தினரை உபசரிப்பதில் குறை வைக்காதவர். லாரியிலிருந்து மரவள்ளிக் கிழங்கு குவியலாகச் சரிவதையும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதன் தோலைக் கத்தியால் சீவித் தள்ளுவதையும், அரைத்த கூழிலிருந்து சல்லடை வழியே பால் பிரிந்து தொட்டிகளுக்கு ஓடுவதையும், சூடேறிய தட்டுகளின்மேல் மாவு மணிகள் வறுபடுவதையும், சிமெண்டுக் களத்தில் அவை வெயிலுக்கு விரிந்து கிடப்பதையும் ஒன்றுவிடாமல் காட்டி, நான் கேட்டதற்கும் கேளாததற்கும் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தார். ஆனால் ஈர மாவை மணியாக உருட்டும் பகுதியை நாங்கள் நெருங்கியபோது, எதிரே ஒரு தகரக் கதவும் அதில் ஒரு பெரிய பூட்டும் தென்பட்டன. "அது மட்டும் வேண்டாமுங்க, அது நம்ம சொந்த ஏற்பாடு" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தேநீர் வைத்திருந்த மேசைப் பக்கம் திருப்பிவிட்டார்.

அன்று அந்த ஆலையில் ஏதோ பழுது பார்க்க வந்திருந்த பிட்டர் ஒருவர், திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் பூட்டிய அறையைப் பற்றிக் கேட்டேன். "அந்த ரூமுங்களா? மாவு உருட்டுற குலுக்கிதானுங்க. நான்தான் மாட்டிக் குடுத்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துல ஏழு மில்லுக்கு அதே மாதிரி மாட்டியிருக்கேன், ஏழு பேருமே பூட்டித்தான் வெச்சிருக்காங்க" என்றார், அதில் விசேஷம் எதையும் காணாதவராக.

அப்போது சிரித்துவிட்டேன். பிற்பாடு யோசிக்க யோசிக்க, சேலம் ஜில்லாவின் இந்தத் தொழிலுக்கு மட்டுமன்றி, விளைபொருளைப் பதப்படுத்திப் பிழைக்கும் சிறு தொழில்கள் அனைத்துக்குமே பொருந்தும் ஒரு வியாதியின் லட்சணம் அந்த ஏழு பூட்டுகளில் இருப்பதாக எனக்குப்பட்டது. ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததைக் காப்பது ரகசியம். எழுவருக்கும் தெரிந்ததை எழுவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைப்பதற்கு என்ன பெயர் சூட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் பலன் என்னவென்று தெரியும். ஏழு ஆலைகளிலும் அந்தக் குலுக்கி ஒரே இடத்தில் பழுதாகிறது. ஏழு இடத்திலும் அதே பிட்டர் அதே பழுதைத் தனித்தனியே சரி செய்கிறார். எட்டாவதாக ஒரு நல்ல குலுக்கி எவராலும் செய்யப்படுவதில்லை.

இந்தத் தொழில் பிறந்த கதையை அறிந்தவர்களுக்கு இது இன்னும் விசித்திரமாகத் தோன்றும். ஜவ்வரிசி என்ற பெயரே 'ஜாவா அரிசி' என்பதன் மரூஉ என்று சொல்வார்கள். கீழ்த்திசைத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவை மணியாக்கிக் கப்பலில் அனுப்ப, நம்மவர்கள் அதைக் கஞ்சியாகவும் பாயசமாகவும் உண்டு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றியதும் அந்த வரவு நின்றது. சேலத்தில் மீன் வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார், தொழில் நிமித்தம் கேரளத்துக்கு அடிக்கடி போய்வருபவர். அங்கே மரவள்ளி மாவைப் பார்த்து, அயல்நாட்டுச் சோள மாவுக்கு அது ஈடாகும் என்று கண்டுகொண்டவர். அவருக்கு, பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் பரிச்சயம் கிடைத்தது. மரவள்ளியிலிருந்து மாவெடுக்கும் வித்தையை நன்கறிந்த ஷாவும், எதை எங்கே விற்கலாம் என்ற நுட்பம் அறிந்த செட்டியாரும் சேர்ந்து, 1943-ஆம் ஆண்டில் மிகவும் பூர்வீகமான முறையில் கிழங்கை அரைத்து, வடிகட்டி, உருட்டி, வறுத்து, சேலத்து ஜவ்வரிசியை ஆரம்பித்து வைத்தார்கள். பனை மரத்தின் மணியை ஒரு கிழங்கிலிருந்து உண்டாக்கிய அந்த யுக்தி, கடல் கடந்து வந்த ஒருவரின் ஞானமும் உள்ளூர்க்காரர் ஒருவரின் அனுபவமும் கைகுலுக்கிக்கொண்டதன் விளைவு.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான பாத்திரம் மூன்றாமவர்தான். வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, நாளொன்றுக்கு 100 கிலோ மூட்டை இரண்டு மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கைமுறைத் தொழிலின் கருவிகளைச் சீர்திருத்திச் சீர்திருத்தி, அதே இடத்தில் 25 மூட்டை எடுக்கும்படி செய்தார். வணிகரின் மூளைக்கும் கடல் கடந்த வித்தைக்கும் எல்லை உண்டு. இரும்போடு பழகிய ஒரு கை வந்து சேரும்வரை இரண்டும் இரண்டு மூட்டையைத் தாண்டவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுவருஷமே, பஞ்ச காலத்தில் உணவுக் கிழங்கைத் தொழிற்சாலைக்குத் தரலாகாது என்று ஜில்லா கலெக்டர் உத்தரவு போட்டபோது, தொழில் அங்கேயே முடிந்திருக்கக்கூடும். செட்டியாரும் ஷாவும் உற்பத்தியாளர்களைச் சங்கமாகத் திரட்டி மேலிடத்தில் முறையிட்டு அதை விலக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று ஊருக்கு ஊர் ஆலைகள் முளைத்தன. முதல் ஆலையில் வேலை பார்த்தவனும், வெறுமனே வேடிக்கை பார்த்தவனும், அங்கே இயந்திரம் மாட்டியவனும் போய்ச் சொல்லித்தான் அவை முளைத்திருக்க வேண்டும். வேறு பள்ளிக்கூடம் அப்போது இதற்கு இல்லை.

ஆலைகள் சிறியனவாகவும் பலவாகவும் இருப்பதற்கு அந்தக் கிழங்கின் சுபாவமே ஒரு காரணம். மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும் மரவள்ளி, பிடுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுப் போகும். ஆதலால் ஆலை காட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட தொழிலில் 'புதுமை' என்றால் பத்திரிகையில் படம் போடும்படியான பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அல்ல. தோலைச் சீவும்போது உள்தோலும் போகும்படி கத்தியைப் பிடிப்பது, அரைக்கும் உருளையின் பற்களை எப்போது மாற்றுவது, பாலைத் தொட்டியில் எத்தனை மணி நேரம் தெளியவிட்டால் புளிக்காமல் இருக்கும், மாவில் எவ்வளவு ஈரம் நிற்கும்போது உருட்டினால் மணி உடையாது, தட்டில் எண்ணெயை எந்த அளவுக்குத் தடவ வேண்டும் என்பன போன்ற சிறுசிறு நுணுக்கங்களின் தொகுதியே அது. ஒவ்வொரு நுணுக்கமும் ஒரு மூட்டைக்கு ஒரு படி மாவை மிச்சப்படுத்தும், அல்லது மணிக்கு ஒரு சாயல் வெண்மையைக் கூட்டும். இவற்றை அறிந்தவர் பெரும்பாலும் உரிமையாளர் அல்லர். வறுவல் தட்டின் முன் நிற்பவரும், தொட்டியில் இறங்கி மாவு வெட்டுபவரும், இருபது வருஷமாகக் கிழங்கு சீவும் பெண்ணுமே அறிந்தவர்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை என்பது ஒரு புறமிருக்கட்டும்.

வெண்மை என்றேனே, அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சேலத்து ஜவ்வரிசியில் பெரும் பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய வட மாநிலங்களுக்குப் போகிறது. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் உபவாசம் இருப்பவர்கள் தானியத்தை விலக்கி இதைக் கிச்சடியாக்கி உண்கிறார்கள். அந்தச் சந்தையில் பளிச்சென்று வெளுத்த மணிக்குத்தான் மதிப்பு. இயற்கையான ஜவ்வரிசியோ சற்றே மங்கலான நிறம் உடையது. மங்கல் மிகுவதற்கான காரணங்கள் யாவும் தெரிந்தவையே: உள்தோல் ஒட்டியிருப்பது, கிழங்கு நாள்பட்டது, தண்ணீரில் இரும்புச்சத்து, துருப்பிடித்த பாத்திரம், பால் தெளியத் தாமதமாகிப் புளித்துப்போவது. ஒவ்வொன்றுக்கும் நேரான பரிகாரம் உண்டு. ஆனால் பரிகாரத்தைப் பொறுமையாகப் பரீட்சித்து, பலனை நாலு பேருக்குச் சொல்பவர் இல்லை. இதற்கிடையே, அமிலமும் வெளுப்பு ரசாயனமும் விற்கும் ஆள் பின்வாசல் வழியாக வந்து, "ஒரு கேன் ஊற்றுங்கள், பாலாக வெளுக்கும்" என்று ஒருவரிடம் சொன்னால், அந்தச் செய்தி மட்டும் ஒரு பருவத்துக்குள் தாலுகா முழுவதும் பரவிவிடுகிறது. அதன் பின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனை, மூட்டைகள் பறிமுதல், செய்தித்தாளில் தலைப்பு, வடக்கே வியாபாரிகளின் சந்தேகம், விலை வீழ்ச்சி. யோக்கியமாக ஆலை நடத்துபவரும் அதே விலைக்குத்தான் விற்க வேண்டியிருக்கிறது. வெளிப்படையாகப் பேசாத தொழிலில் நல்ல அறிவு நொண்டியடித்து வருகிறது. கெட்ட அறிவோ இரவோடிரவாக வந்து சேர்ந்துவிடுகிறது.

பூட்டுப் போட்ட உரிமையாளரின் கட்சியையும் நான் கேட்காமல் இல்லை. அதில் நியாயமும் உண்டு. வங்கிக் கடன் வாங்கி ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்து பார்ப்பவர் அவர். அது தோற்றால் நஷ்டம் அவருக்கு மட்டுமே, ஜெயித்தாலோ பலன் பக்கத்து ஆலைக்காரருக்கும் இலவசமாகப் போகிறது. பெரிய கம்பெனி என்றால் காப்புரிமை வாங்கி வக்கீல் வைத்துக் காத்துக்கொள்ளும். இவருக்கு வாய்த்த காப்புரிமை ஒரு பூட்டுதான். ஆயினும் இந்த வாதம் ஒரு கணக்கை மறந்துவிடுகிறது. பிட்டரும் வேலையாளும் ஆலைக்கு ஆலை மாறுவது சகஜமாக உள்ள ஒரு வட்டாரத்தில், எந்த யுக்தியும் ஒரு பருவத்துக்கு மேல் ஒருவரிடம் தங்குவதில்லை. அந்த ஒரு பருவத்து லாபத்துக்காக அவர் இழப்பதோ, மற்ற ஆறு பேரும் தத்தம் பூட்டுக்குப் பின்னால் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஆறு விஷயங்களை. மேலும் அவருக்கு உண்மையான போட்டி பக்கத்து ஆலைக்காரர் அல்லர். மக்காச்சோள மாவும், அதை ஜவ்வரிசியில் கலந்து விற்கும் சாமர்த்தியமும்தான் போட்டி. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஒரே பெயரின் கீழ் எல்லோரும் விற்கத் துணிந்த பிறகு, ஒருவரது மூட்டையிலுள்ள குற்றம் எல்லோரது மூட்டையையும் வந்து பிடிக்கும்.

ஒற்றுமையாக இயங்குவது இவர்களுக்குப் புதிதும் அல்ல. இடைத்தரகர்களின் பிடியில் சிக்கித் தவித்த ஆலைக்காரர்கள் 1981-இல் சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். சரக்கை வைத்துக்கொள்ளக் கிடங்கு, சரக்கின் பேரில் முன்பணம், பிறகு வியாபாரிகளிடம் ரகசிய டெண்டர் வாங்கி விற்பனை என்று அது தொழிலுக்குச் செய்திருக்கும் உபகாரம் பெரிது. டெண்டரில் ரகசியம் நியாயமானது. ஒரு வியாபாரி கேட்ட விலை மற்றவனுக்குத் தெரியாமல் இருந்தால்தான் விற்பவனுக்கு நல்ல விலை கிடைக்கும். ரகசியத்தின் பிரயோஜனத்தை இவ்வளவு நன்றாக உணர்ந்த ஒரு ஸ்தாபனம், ரகசியத்தால் பிரயோஜனம் இல்லாத இடத்தையும் கண்டுகொள்ள வேண்டாமா? கிடங்கைப் பொதுவாக்கிக்கொண்டவர்கள், கிடங்குக்கு வரும் சரக்கை மேன்மையாக்கும் அறிவையும் பொதுவாக்கிக்கொள்ளலாம். நான் கேட்பது பெரிய ஆராய்ச்சிக்கூடம் அல்ல. பருவம் முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்களில், ஆண்டுக்கு ஓர் ஆலையைத் தேர்ந்து, அங்கே புதிதாகச் செய்து பார்த்தது என்ன, செலவு எத்தனை, தோற்றது எது என்பதை மற்றவர்கள் முன் திறந்து காட்டச் செய்து, அப்படிக் காட்டுபவருக்கு அவர் பரிசோதனையில் இழந்த பணத்தில் ஒரு பங்கைச் சங்கமே ஈடுகட்டட்டும். தோற்றதைச் சொல்வதற்குத்தான் முக்கியமாகப் பணம் தர வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஜெயித்ததை எப்படியும் பிட்டர் சொல்லிவிடுவார்.

இது நடக்கக்கூடியதுதானா என்று கேட்பவர்கள் நமது புழுங்கல் அரிசியின் வரலாற்றைப் பார்க்கலாம். முன்னெல்லாம் நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து வேகவிடுவார்கள். அந்தத் தொட்டிகளின் நாற்றம் ஆலையைக் கடந்து தெருவுக்கும், ஆலையிலிருந்து சோற்றுத் தட்டுக்கும் வரும். மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர், ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் மூன்று நான்கு மணி நேரமே போதும் என்று காட்டினார்கள். அந்நிலையத்தின் முதல் டைரக்டராக இருந்த வி. சுப்ரமணியன், பிற்காலத்தில் தஞ்சைத் தரணிக்கே வந்து நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சியை வேரூன்றச் செய்தார். அந்த முறைக்குப் பூட்டு ஏதும் இருக்கவில்லை. தொட்டியும் கொதிகலனும் உள்ள எந்த ஆலைக்காரரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்துகொள்ளக்கூடியதாக அது இருந்தது.

மரவள்ளிக் காட்டிலேயே இன்னும் அண்மைக் கால உதாரணம் ஒன்று உண்டு. 2008-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி தலைகாட்டி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் வெள்ளையாய்ப் போர்த்தி நாசமாக்கியது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்த வேளையில், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு குளவியினத்தைத் தருவித்து, பெருக்கி, கிராமம் கிராமமாக விட்டார்கள், பூச்சி அடங்கியது. 2020-இல் கேரளத்தில் வேறொரு மாவுப்பூச்சி, மரவள்ளிக்கென்றே பிறந்தது, காணப்பட்டு இந்தப் பக்கமும் பரவியது. இதற்கான குளவியைப் பராகுவே நாட்டில் 1981-இல் கண்டெடுத்து, ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்று, அங்கே கோடிக்கணக்கானவர்களின் சோற்றைக் காப்பாற்றியிருந்தார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து, 2022-இல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் கையால் காட்டில் விடப்பட்டது. மூன்று கண்டங்களைத் தாண்டி ஒரு குளவியும் அதை வளர்க்கும் வித்தையும் ஏத்தாப்பூருக்கு வந்து சேர்ந்திருக்க, ஏத்தாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஓர் ஆலையின் குலுக்கி பக்கத்து ஆலைக்குப் பூட்டைத் தாண்டிப் போக முடியவில்லை.

விவசாயி என்றதும் நினைவுக்கு வருவது 'பாயிண்ட்'. கிழங்கை எடையின் பேரில் மட்டுமல்லாமல் அதிலுள்ள மாவுச்சத்தின் பாயிண்ட்டின் பேரிலும் விலை வைப்பது இங்கே வழக்கம். காற்றில் ஓர் எடை, தண்ணீரில் மூழ்கடித்து ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு: விஷயம் இவ்வளவே. பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லித் தரக்கூடிய இந்தக் கணக்கு, ஆலை வாசலில் தராசின் மறுபுறம் நிற்கும் விவசாயிக்கு மாயமந்திரமாக இருந்துவருவதால், இருபத்தேழு என்றால் இருபத்தெட்டு இருக்கும் என்று அவர் சந்தேகிக்கிறார். சந்தேகித்தவர் அடுத்த வருஷம் கரும்புக்கோ மக்காச்சோளத்துக்கோ மாறிவிடுகிறார். கணக்கை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டி, அவர் கண் முன்னாலேயே கிழங்கை முக்கி எடுத்தால் ஆலைக்கு என்ன குறைந்துவிடும்? பாயிண்ட் ஏன் குறைகிறது என்று அவருக்குத் தெரிந்தால் முற்றாத கிழங்கை அவரே பிடுங்க மாட்டார். எந்த ரகத்தில் மாவு அதிகம் என்பதையும் அவரே ஆலைக்காரருக்குச் சொல்வார். மாவு பிழிந்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாவதும், நாற்றமெடுத்து ஓடையில் ஓடிய கழிவுநீரிலிருந்து இப்போது பல ஆலைகள் எரிவாயு எடுத்து அடுப்பெரிப்பதும் நல்ல மாறுதல்களே. கழிவுநீர் விஷயத்தில் மட்டும் ஆலைக்காரர்கள் ஒருவர் ஆலையை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

பேருந்துக்குத் திரும்புகிறேன். பிட்டர் தம் சட்டைப் பையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எந்த ஆலையில் எந்தத் தேதியில் என்ன உடைந்தது, என்ன போட்டுச் சரி செய்தார், அது எத்தனை நாள் தாங்கியது என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை. வெங்கடாசலக் கவுண்டர் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதுவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இத்தனை ஆலைகளின் நோயும் மருந்தும் உங்களிடம் இருக்கிறதே, சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டு அழைத்தால் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன்.

சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டா வர்றனுங்க சார். ஆனா மொதலாளிங்க எல்லாம் சேர்ல உக்காந்திருக்க, நான் நின்னுக்கிட்டே பேசோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, வாழப்பாடி வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.